உறையவில்லை, நிறுத்தினார்கள்

கோப்பு நகரவில்லை என்றால் அது 'உறைந்து கிடக்கிறது'. பேச்சுவார்த்தை நின்றால் 'உறைநிலைக்குப் போய்விட்டது'. திட்டத்தைக் கைகழுவினால் 'குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்'. விசாரணையை இழுத்தடித்தால் 'பனிப்பாறை வேகம்'. இரண்டு அமைச்சர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் 'பனிப்போர்'. மனு கொடுத்தவரை ஏறெடுத்துப் பார்க்காத அதிகாரிக்குப் 'பனிக்கட்டி மனம்'. தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் பெரும்பாலானவை சித்திரை பிறந்தால் மின்விசிறிக்கு அடியிலும் வியர்க்கிற ஊர்களில்தான் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத் தாமதம் என்றாலும் ஐஸ்தான் நினைவுக்கு வருகிறது, இரக்கமின்மை என்றாலும் ஐஸ்தான்.

இந்தப் பழக்கத்துக்குச் சொல்லப்படும் நியாயத்தை முதலில் முழுதாக வைத்துவிடுகிறேன். அது ஒதுக்கித் தள்ளக்கூடியதல்ல. செய்திக்குக் கிடைக்கும் இடம் நூறு சொல். அதற்குள் ஒரு நாற்பது ஆண்டு இழுபறியைச் சொல்லியாக வேண்டும். 'உறைந்தது' என்றால் படிப்பவருக்கு அந்த நொடியே புரிகிறது. பனியைப் பார்த்திராதவருக்கும் ஃப்ரிட்ஜ் தெரியும். மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித்தான் வளர்கின்றன, ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பதற்காக ஓர் உவமையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. தவிர, இது தேய்ந்து தேய்ந்து உவமை என்ற நினைப்பே போய்விட்ட சொல். 'உறைந்த கோப்பு' என்று படித்து யாரும் ஐஸ் கட்டியைக் கற்பனை செய்வதில்லை. ஆகவே யாருக்கும் தீங்கில்லை. ஆசிரியர் குழுக்களில் இருப்பவர்களும் மொழிநடை சொல்லித்தருபவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். வாசகர்களில் பலருக்கும் இதே எண்ணம்தான்.

தீங்கு உண்டு என்பது என் கட்சி. அதைத் தேவாலாவிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது.

தேவாலா நீலகிரி மாவட்டம்தான், ஆனால் படத்தில் வருகிற நீலகிரி அல்ல. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். நாங்கள் கூடலூருக்கும் பந்தலூருக்கும் நடுவே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டரில், வயநாட்டை ஒட்டிக் கிடக்கிறோம். தென்மேற்குப் பருவமழை முதலில் மோதுகிற பக்கம் இது. டிசம்பர் பிறந்து ஊட்டிப் புல்வெளி வெளுத்த படம் முதல் பக்கத்தில் வந்ததும் திருப்பூரிலிருந்து சித்தி போன் செய்வார். "ஏம்ப்பா, அங்க ஐஸ் கொட்டுதாமே? பேப்பர்ல போட்டிருக்கான்." "அது ஊட்டியில சித்தி. இங்க ஒரு ஸ்வெட்டர் போட்டாப் போதும்." சித்திக்கு நம்பிக்கை வராது. பேப்பரில் 'நீலகிரியில் உறைபனி' என்றல்லவா போட்டிருக்கிறது.

இனி என் மறுப்புகள்.

1. உறைபனி மெதுவானது என்று யார் சொன்னது?

மேல் நீலகிரியில் நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கும். அதன் பிறகு, வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்து, காற்று அசையாமல் நிற்கிற ஏதோ ஓர் இரவில் உறைபனி வரும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை மேகத்தின் மறைப்பின்றி வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் உயரத்தில் இருக்கும் தொட்டபெட்டாவில் காணாத வெண்மை சில நாள்களில் தாழ்ந்து கிடக்கும் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் தெரியும். நடுராத்திரிக்குப் பின் தொடங்குகிற வேலை விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் பனி போன இடம் தெரியாது. ஓரிரு நாளில் தேயிலைக் கொழுந்து தீயில் வாட்டியதுபோல் செம்பழுப்பாகும். அடுத்த துளிர் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது தெரிந்துதான் விவசாயிகள் முன்கூட்டியே தாகைச் செடியை வெட்டி வந்து இளஞ்செடிகளை மூடுகிறார்கள், காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். ஒரே இரவில் வருவதைத் தடுக்க ஒரே மாலைதான் அவகாசம். இந்தப் பனியை, ஐம்பதாண்டாக நகராத கோப்புக்கு உவமையாக்கினால் பனிக்கு அவமானம்.

'பனிப்பாறை வேகம்' இன்னும் மோசம். ஆங்கிலப் பத்திரிகைகள் தாமதத்துக்கு உவமையாக்குவது மலைச்சரிவில் நகரும் பனியாற்றை. அதை மொழிபெயர்த்தவர் கையில் கடலில் மிதக்கும் பனிப்பாறையாக மாறிவிட்டது. அது போகட்டும். பனியாறாவது மெதுவானதா? 1953இல் காரகோரத்தின் குட்டியா பனியாறு மூன்றே மாதத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் முன்னேறியது. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தன. ரிஷிகங்கா, தௌலிகங்கா வழியே வந்த வெள்ளம் இரண்டு மின்திட்டங்களைச் சிதைத்து இருநூறு பேருக்கு மேல் கொண்டுபோனது. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில், உருகும் பனியாற்றின் காலடியில் தேங்கியிருந்த தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா திட்டத்தின் அணையை இரவோடு இரவாக அடித்துச் சென்றது. இவற்றையெல்லாம் முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகைகள்தான் ஐந்தாம் பக்கத்தில் நலத்திட்டம் 'பனிப்பாறை வேகத்தில்' போகிறது என்கின்றன.

இந்தக் குழப்பம் நீலகிரிக்குப் புதிதுமல்ல. அவலாஞ்சிக்கு அந்தப் பெயர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய மண்சரிவால். மண் சரிந்ததைப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு அவர்களுடைய ஊர்ப் பனிச்சரிவு நினைவுக்கு வந்தது, பெயர் வைத்துவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் அதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பனிச்சரிவின் பெயரைச் சுமக்கிற ஊருக்கு ஆபத்து வருவது மழையாலும் மண்ணாலும்தான்.

2. 'உறைந்தது' என்ற வினைக்கு எழுவாய் எங்கே?

இதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கத்து நிலப் பிரச்சினையைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'பல்லாண்டுகளாக உறைந்து கிடக்கிறது' என்ற தொடர் கைக்கு வந்துவிடுகிறது. உறைந்து கிடந்ததா? வரிசையாகப் பார்ப்போம்.

1877 வரை இந்தப் பகுதி மலபார் மாவட்டம். அந்த ஆண்டில் நம்பலக்கோடு, முன்னநாடு, சேரங்கோடு ஆகிய அம்சங்களை, அதாவது வருவாய்ப் பிரிவுகளை, நீலகிரியோடு சேர்த்தார்கள். மாவட்டம் மாறியது, ஜென்ம உரிமை என்ற பரம்பரை நில உடைமை நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்திடமே இருந்தது. இரண்டே ஆண்டில், 1879இல், தேவாலாவில் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு லண்டனை எட்டியது. ஆஸ்திரேலியச் சுரங்க அனுபவமுள்ள பிரௌ ஸ்மித் வந்து அறிக்கை எழுதினார். லண்டனில் கம்பெனிமேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். காபித் தோட்டங்கள் கைமாறின, இயந்திரங்கள் மலையேறின, பங்களாக்கள் எழுந்தன. 1882 வாக்கில் எல்லாம் கவிழ்ந்தது. எடுத்த தங்கத்தைவிடக் கொட்டிய பணம்தான் பெரிது. எனக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். இதே மழை, இதே காடு, இதே ஜென்ம உரிமைச் சிக்கல். இருந்தும் மூன்று ஆண்டுக்குள் ஒரு தொழில் வந்து, வளர்ந்து, வீழ்ந்தும் விட்டது. முதலீட்டுக்காரருக்கு அவசரம் என்றால் இந்த மலையில் காகிதம் பறக்கும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1969இல் தமிழ்நாடு சட்டமன்றம் கூடலூர் ஜென்ம ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. எஸ்டேட்காரர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1972இல் பால்மாடீஸ் வழக்கில் சட்டத்தின் பெரும்பகுதி நின்றது, காடு பற்றிய பகுதி அடிபட்டது. 1974இல் 34ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்தச் சட்டத்தை ஒன்பதாம் அட்டவணைக்குள் கொண்டுபோய், நீதிமன்றக் கேள்வியிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். அந்தப் பாதுகாப்பே செல்லுமா என்ற கேள்வி 1999இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போனது. 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பு: 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று நீதிமன்றம் ஆராயலாம். ஐ.ஆர். கொயலோ வழக்கு என்று நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்களே, அது இந்தக் கூடலூர் நிலத்தில் முளைத்த வழக்கு.

இது போதாதென்று இன்னொன்று. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை 'காடு' என்பதற்கான பொருளையே நாடு முழுமைக்கும் விரித்தது. கூடலூர் மரத்துக்காகப் போட்ட மனு அருணாசலப் பிரதேசத்தில் மர அறுவை ஆலைகளை நிறுத்தியது. இந்தியக் காட்டு நிர்வாகத்தில் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும் அளவுக்குப் பெரிய வழக்கு அது.

ஒரே வட்டாரத்திலிருந்து இவ்வளவு போன பிறகும் 'உறைந்து கிடக்கிறது' என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வருகிறது? வழக்குகள் ஓடின. சட்டத் திருத்தம் டெல்லியில் ஓடியது. எஸ்டேட்டுகளின் கொழுந்து ஒரு நாள்கூட நிற்காமல் ஃபாக்டரிக்குப் போனது. நின்றது ஒன்றுதான்: ஏறக்குறைய 80 ஆயிரம் ஏக்கர் ஜென்ம நிலத்தில் முடிவு சொல்லப்படாத பகுதியில் குடியிருக்கிறவரின் வீட்டு விவகாரம். இங்கே 'செக்‌ஷன் 17 நிலம்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டத்தின் பதினேழாம் பிரிவின் கீழ் வரும், தோட்டக் குத்தகையில் இருந்த நிலம், பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின் இணைப்பு மறுக்கப்பட்ட வீடுகள் இங்கே ஏராளம்.

அந்த வீடுகளில் ஒன்றைச் சேர்ந்த அக்கா ஒருவரைத் தேவாலா பேருந்து நிறுத்தத்தில் அடிக்கடி பார்ப்பேன். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் கண்டியிலிருந்து வந்த குடும்பம். கையில் துணிக்கடை பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை, அதற்குள் காகிதம். மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியது. மின் இணைப்புக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல்கள். ஒவ்வொரு மனுவுக்கும் வாங்கிய ஒப்புகைச் சீட்டு. எல்லாவற்றிலும் சாம்பல் நிறப் பூஞ்சை. எங்கள் ஊரில் காகிதத்துக்கு நேர்வது அதுதான், அது உறைவதில்லை, நைந்து போகிறது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முத்திரை, ஒரு தேதி, ஒரு சுருக்கொப்பம் இருக்கிறது. வாங்கிக்கொண்டவர் ஒரு மனிதர். மேலே அனுப்பியவரோ அனுப்பாமல் வைத்தவரோ இன்னொரு மனிதர். 'இது வனத்துறை ஆட்சேபிக்கும் நிலம்' என்று குறிப்பு எழுதியவர் மூன்றாமவர். அவர்களில் எவரும் பனிக்காலம் அல்லர்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. அந்தக் குறிப்பை எழுதியவர் காட்டைக் காக்க வேண்டுமென்று நினைத்து எழுதியிருக்கலாம். இது யானை நடமாடும் நாடு. நிலத்தைத் திறந்துவிட்டால் ஏழைக்கு முன்னால் ரிசார்ட்காரர் வந்து நிற்பார் என்ற பயம் நியாயமானது. சரி. அப்படியானால் அதை எழுதட்டும். 'இன்ன துறை, இன்ன காரணத்துக்காக, இன்ன தேதியில் மறுத்தது' என்று எழுதினால் அந்தக் காரணத்தோடு வாதிடலாம், ஒப்புக்கொள்ளலாம், மேல்முறையீடு செய்யலாம். 'உறைந்தது' என்று எழுதினால் யாரோடு வாதிடுவது?

தமிழில் 'ஐஸ் வைப்பது' என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கோப்பு உறைந்துவிட்டது என்று எழுதுகிற நிருபர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கோப்பை வைத்திருப்பவர் தலையில் ஐஸ் வைக்கிறார்.

3. உறைந்தது என்றால் உருக வேண்டுமே, உருகியதா?

பனி உவமைக்குள் ஒரு வாக்குறுதி மறைந்திருக்கிறது. உறைந்தது பத்திரமாக இருக்கிறது, வெயில் வந்தால் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்பது அது. 2020 ஏப்ரலில், கொரோனா வந்த புதிதில், மத்திய அரசு தன் ஊழியர்களின் அகவிலைப்படி உயர்வை நிறுத்தியது; சில நாளில் தமிழ்நாடு அரசும் அதே வழியில் போனது. ஆங்கிலப் பத்திரிகைகள் 'உறைவு' என்ற பொருளில் எழுதின. தமிழிலும் சிலர் அதை அப்படியே பெயர்த்தார்கள். மத்திய அரசு 2021 ஜூலையிலிருந்து உயர்த்திய விகிதத்தில் கொடுக்கத் தொடங்கியது. இடைப்பட்ட 18 மாதத்துக்கான நிலுவை? அதைக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. உறைய வைத்ததாகச் சொன்ன பணம் உருகி வரவில்லை, அது எடுத்துக்கொள்ளப்பட்டது. மத்திய அரசின் ஆணையே 'உறைவு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் தலைப்பில் வைத்தது. அதைத் தமிழில் பனியாக்கியது பத்திரிகை.

மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையையும் 'உறைய வைத்தார்கள்' என்றே எழுதுகிறோம். 1976இல் 42ஆவது திருத்தம், 2001இல் 84ஆவது திருத்தம். இரண்டு முறை நாடாளுமன்றம் வாக்களித்து எடுத்த முடிவு அது. அதற்குப் பின்னால் ஓர் அரசியல் பேரம் இருந்தது: மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற பேரம். உறைவு என்று சொல்லிவிட்டால், கெடு முடிந்ததும் உருகுவது இயற்கை என்றாகிவிடும். பேரம் என்று சொன்னால், முறிப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும். எந்தச் சொல் யாருக்கு வசதி என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தேவாலாவுக்கே வருகிறேன். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ, இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கியது. 2022இல் அதன் தோட்டங்களில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேல் வனத்துறைக்கே திருப்பித் தர அரசு ஆணையிட்டது. அந்தத் தோட்டங்களில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, லயத்துக் குடியிருப்பிலேயே வயதானவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிரச்சினையை 'உறைநிலை' என்று எழுதுவது, பொறுத்திருந்தால் சரியாகிவிடும் என்று அவர்களிடம் பொய் சொல்வது. அவர்கள் பொறுத்திருந்த காலத்தில்தான் தோட்டத்தின் ஒரு பகுதியே இல்லாமல் போயிற்று.

4. இரக்கமின்மை குளிர்ந்தது என்று நமக்குச் சொன்னது யார்?

மனம் குளிர வாழ்த்துகிறோம். கண் குளிரப் பார்க்கிறோம். வயிறு குளிரச் சோறு போட்டவரை மறப்பதில்லை. கோபம் கொதிக்கிறது, பொறாமை எரிகிறது, கொடுமை சுடுகிறது. வெயில் நாட்டில் பிறந்த மொழிக்கு ஈரமும் குளிர்ச்சியும்தான் அன்பு. ஈரமில்லாத நெஞ்சு என்பதைவிடக் கடுமையான வசை தமிழில் எத்தனை இருக்கிறது? இவ்வளவு இருக்க, 'பனிக்கட்டி மனம்' என்று இங்கிலாந்துக் குளிரைக் கொண்டுவந்து வைப்பதற்குச் சோம்பல் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஆனால் மொழிப்பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. உவமை தவறான ஆளைக் காட்டிக் கொடுக்கிறது என்பதுதான் கோளாறு. அலுவலகங்களில் நான் பார்த்தவரை, மறுப்பவர்கள் குளிர்ந்த முகத்தோடு மறுப்பதில்லை. "உக்காருங்கக்கா. டீ குடிச்சீங்களா? மேல போயிருக்கு, வந்ததும் நானே சொல்லி அனுப்புறேன்" என்று அன்பாகத்தான் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த அன்பும் பொய்யல்ல. அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். சிரித்த முகத்தோடு இருபது ஆண்டு இழுத்தடிக்க முடியும். 'பனிக்கட்டி மனம்' படித்துப் பழகியவர் உர்ரென்றிருக்கும் எழுத்தரைத்தான் வில்லன் என்று நினைப்பார். டீ வாங்கிக் கொடுத்தவரைப் பற்றியோ, அவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கும் ஆணையைப் பற்றியோ கேள்வியே எழாது.

'பனிப்போர்' பற்றி ஒரு வரி போதும். அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் இடையே இருந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தும். ஒரு டெண்டர் யாருக்குப் போவது என்று இருவர் முறைத்துக்கொண்டால், டெண்டரைப் பற்றி எழுதுங்கள்.

5. உண்மையான குளிருக்கு என்ன சொல் மிச்சம் வைத்திருக்கிறீர்கள்?

தாமதத்துக்கும் கல்நெஞ்சுக்கும் பனியைச் செலவழித்த கை, அசல் பனி வரும்போது என்ன செய்கிறது? 'மினி காஷ்மீர்' என்கிறது. 'வெண்கம்பளம் விரித்தாற்போல்' என்கிறது. 'சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்' என்று துணைத்தலைப்புப் போடுகிறது. கடைசிப் பத்தியில், இடமிருந்தால், 'தேயிலை கருகும் அபாயம்' என்று ஒரு வரி. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடுகிற சிறு விவசாயிக்கு அந்த வெண்கம்பளம் இரண்டு மாத வருமானம். ஆக, பனியே இல்லாத அலுவலகத்தில் பனி கொடூரமானது, பனி கொட்டி வாழ்வாதாரம் போகும் தோட்டத்தில் அது அழகானது. இப்படித் தலைகீழாக வைக்கத் தனித்திறமை வேண்டும்.

உறைபனி விழாத எங்கள் பக்கத்துக் குளிரோ செய்தியே ஆவதில்லை. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை இங்கே மழை விடாது. படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தலைக்குப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, காலில் அட்டை ஏறாமலிருக்க உப்போ சோப்போ தேய்த்துக்கொண்டு பெண்கள் கொழுந்துக்குப் போகிறார்கள். மழை இறங்குவது பிளாஸ்டிக்குக்கும் கழுத்துக்கும் நடுவே. பத்து மணிக்குள் உள்பாவாடை நனைந்துவிடும், நிறுவை முடிகிற வரை அந்த ஈரத்தில்தான் நிற்க வேண்டும். விரல் நுனி ஊறி வெளுத்து, கொழுந்தின் காம்பே தொட்டால் தெரியாத அளவுக்கு மரத்துப் போகும். வெப்பமானியில் அது இருபது டிகிரியை ஒட்டித்தான் காட்டும். பூஜ்யம் இல்லை, படம் வெள்ளையாக வராது. அன்றைய தினசரியில் எங்கள் ஊர் வருவது மழையளவுப் பட்டியலில்: தேவாலா, இத்தனை மில்லிமீட்டர்.

இனி, பனி உவமையை ஆதரிப்பவர்கள் சொன்ன நியாயங்களில் மிச்சமிருப்பவை. இடம் இல்லை என்கிறார்கள். 'கோப்பு உறைந்து கிடக்கிறது' மூன்று சொல். 'ஆட்சியர் இன்னும் கையெழுத்திடவில்லை' என்பதும் மூன்று சொல்தான். இரண்டாவதை எழுத ஒரு போன் செய்ய வேண்டும், ஒருவரைக் கோபப்படுத்த வேண்டும். இடப்பற்றாக்குறைக்கு அதில் வேலையில்லை. செத்த உவமை, யாரும் ஐஸைக் கற்பனை செய்வதில்லை என்கிறார்கள். கற்பனை செய்வதில்லை என்பது உண்மை. யார் நிறுத்தினார்கள் என்றும்தான் கேட்பதில்லை. உவமை செத்த பிறகும் அது மறைத்த ஆள் மறைந்தேதான் இருக்கிறார். மொழி வாங்கித்தான் வளரும் என்கிறார்கள். வாங்கலாம். பட்டா, தாலுகா, எஸ்டேட், ஃபாக்டரி எல்லாம் வாங்கியவைதான், நம் வேலைக்கு உதவுகின்றன. பொறுப்பாளியைக் காணாமல் போக்க மட்டுமே உதவுகிற ஒன்றை எதற்காக வாங்குவது?

'நிர்வாகச் சுணக்கம்', 'கிடப்பில் போடப்பட்டது' எல்லாம் மட்டும் யோக்கியமா என்று யாராவது கேட்கலாம். 'போடப்பட்டது' என்பதும் ஆளை மறைக்கிற வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே போட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதையாவது வினை ஒப்புக்கொள்கிறது. 'யார் போட்டது?' என்று அடுத்த கேள்வி கேட்க வழி இருக்கிறது. 'யார் உறைந்தது?' என்று கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் எப்படி எழுதுவது என்று கேட்கிற இளம் நிருபருக்கு: விண்ணப்பம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, இப்போது எந்த மேஜையில் இருக்கிறது, அந்த மேஜைக்கு எப்போது வந்தது, அதற்கு முன் எந்த மேஜையில் எத்தனை நாள் இருந்தது, கடைசியாக எழுதிய குறிப்பு என்ன, அதற்குக் கீழே யாருடைய பதவிப் பெயர் இருக்கிறது. இத்தனையையும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் அந்த முப்பத்தோராம் நாளே செய்தி. பேருந்து நிறுத்தத்து அக்காவின் பையில் இதற்கு வேண்டிய தேதிகள் எல்லாம் இருக்கின்றன. பூஞ்சையைத் துடைத்துவிட்டுப் படித்தால் எழுத்து இன்னும் தெரிகிறது.